தேர்ச்சிக்குப் பின்னும் படிப்பு

கூட்டுறவு மேலாண்மைப் பட்டயத் தேர்வு நெருங்கும் நாட்களில் நம்மைக் காண வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இம்முறை எந்தெந்த வினாக்கள் வரக்கூடும் என்பதே அது. சங்கங்களில் எழுத்தராகவும் விற்பனையாளராகவும் பணியாற்றிக்கொண்டே, மாலையிலும் விடுமுறையிலும் படித்துத் தேர்வு எழுதுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் தேர்வு முடிவு வெளியானபின், படித்த பாடத்தில் ஓர் ஐயம் என்று மீண்டும் நம்மிடம் வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புத்தகங்கள் அடுத்த ஆண்டு எழுதப் போகிறவருக்குக் கைமாறிவிடுகின்றன. சான்றிதழ் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது.

பரீட்சை வேண்டாமென்று சொல்வதற்காக நாம் இதனை எழுதவில்லை. பதவிக்கும் பதவி உயர்வுக்கும் ஒரு பொது அளவுகோல் வேண்டும். அது இல்லாவிடில் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதமே அளவுகோலாகிவிடும். மேலும், தேதி குறித்த ஒரு தேர்வு முன்னே நில்லாவிட்டால் நம்மில் பலர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் இங்கு ஆராய விரும்புவது வேறு. தேர்ச்சி பெறுவதற்கு வேண்டிய அளவு படிப்பதற்கும், தொழிலை நடத்துவதற்கு வேண்டிய அளவு படிப்பதற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அத்தூரத்தினால் நட்டமடைகிறவர் யார்?

இது ஊழியர்களின் விஷயம், அங்கத்தினர்களுக்கு இதில் என்ன என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். சங்கத்தின் நிகர இலாபத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. ஆகவே சங்க ஊழியர் பெறும் பயிற்சிக்கு ஒரு வகையில் நீங்களே சம்பளம் கட்டியிருக்கிறீர்கள். கட்டிய சம்பளத்திற்குப் பலன் கிடைத்ததா என்று பார்க்கும் உரிமையும் உங்களுடையதே.

முதலில் நெசவாளர் சங்கம் ஒன்றில் நாம் கண்டதைச் சொல்வோம். ஊரும் பேரும் இங்கே தேவையில்லை.

அச்சங்கத்தில் 80-ஆம் நம்பர் நூலில் 6 கஜச் சேலை நெய்யக் கொடுத்து வந்தார்கள். ஒரு கட்டு நூலுக்கு 16 சேலை என்று ஓர் அளவுப் பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நூல் பட்டுவாடாவும் கூலியும் அப்பட்டியலை ஒட்டியே நடந்தன. பதினைந்து சேலையோடு நூல் தீர்ந்துவிட்டது என்று சொன்ன நெசவாளரிடம் நூல் குறைவு என்று எழுதி, அதன் விலையைக் கூலியில் பிடித்தார்கள். கூலியில் பிடித்தது கூடப் பெரிதில்லை. நூலை வெளியில் விற்றுவிடுகிறார்கள் என்ற அவச்சொல் அத்தெரு முழுவதும் பரவியிருந்தது. அதற்கு அஞ்சிய சிலர் ஊடையைச் சற்றுத் தளர்த்தி நெய்து, எப்படியோ பதினாறாவது சேலையையும் முடித்துக் கொடுத்தார்கள். அச்சேலைகள் தரம் பார்க்கும்போது தள்ளுபடியாயின.

அங்கிருந்த மூத்த எழுத்தர் பட்டயத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர். சரக்கிருப்புப் பதிவேடு என்றால் என்ன, அதன் பயன்கள் யாவை என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். பட்டியலில் கண்டபடி அவர் ஒழுங்காகவே பிடித்தம் செய்து வந்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. புதிதாக வேலையில் சேர்ந்த ஓர் இளம் பெண்தான், இந்தப் பதினாறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர். கைத்தறித் தொழில் நுணுக்கமும் அவருடைய பாடத்தில் ஒரு பகுதியாக இருந்தது. அதில் நூல் நம்பரைப் பற்றி ஒரு சூத்திரம் வரும். எல்லாரும் அதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். அவர் அதைச் சுவரில் இருந்த பட்டியலின்மேல் போட்டுப் பார்த்தார்.

அக்கணக்கை வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிட்டம் என்பது 840 கஜம். ஒரு இராத்தல் நூலில் எத்தனை சிட்டம் இருக்கின்றனவோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 80-ஆம் நம்பர் நூலில் இராத்தலுக்கு 80 சிட்டம். பத்து இராத்தல், அதாவது இன்றைய கணக்கில் 4.54 கிலோ கொண்ட ஒரு கட்டில் 800 சிட்டம். இனிச் சேலைக்கு வருவோம். அச்சில் 50 அங்குல அகலம், அங்குலத்திற்கு 72 இழை என்றால் பாவில் மொத்தம் 3,600 இழை. 6 கஜ நீளத்திற்கு 21,600 கஜம். நெய்யும்போது இழை மேலும் கீழுமாக வளைந்து செல்வதால் நீளம் குறையும். பாவு முனையில் சேதாரமும் உண்டு. இவற்றிற்காக நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 22,680 கஜம். அது சரியாக 27 சிட்டம். ஊடையோ, அங்குலத்திற்கு 64 வீதம் 216 அங்குல நீளத்திற்கு 13,824 ஓட்டம். ஒவ்வொன்றும் 50 அங்குலம். மொத்தம் 19,200 கஜம். இதற்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 20,160 கஜம், அதாவது 24 சிட்டம். ஆக, ஒரு சேலைக்கு 51 சிட்டம் வேண்டும். பதினாறு சேலைக்கு 816 சிட்டம் வேண்டும். கொடுத்ததோ 800!

பதினாறு சிட்டம் குறைவு. நெசவாளரிடம் பிடித்ததும் ஏறத்தாழ அதே அளவு நூலின் விலைதான்.

அப்படியானால் பட்டியல் போட்டவர் அறியாதவரா? அதுவும் இல்லை. பழைய கோப்புகளைப் புரட்டியபோது விஷயம் விளங்கிற்று. பட்டியல் போட்ட காலத்தில் அச்சேலைக்கு அங்குலத்திற்கு 60 ஊடைதான். அக்கணக்கில் ஊடைக்கு 22½ சிட்டம், பாவையும் சேர்த்து 49½ சிட்டம். பதினாறு சேலைக்கு 792 சிட்டம் ஆகும். கட்டு ஒன்றில் எட்டுச் சிட்டம் மிஞ்சவும் செய்யும். பட்டியல் போட்டவர் சரியாகவே போட்டிருக்கிறார். பின்னர் வாங்குவோர் நெருக்கமான துணி கேட்டதால் ஊடையை 64 ஆக்கினார்கள். கூலியையும் அதற்கேற்பச் சிறிது உயர்த்தினார்கள். சுவரில் இருந்த பட்டியலை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை.

நிர்வாகசபை பட்டியலைத் திருத்தி, அவ்வாண்டில் பிடித்த தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அக்கூட்டத்தில் முதிய நெசவாளர் ஒருவர் அப்பெண்ணிடம், "நூல் காணாது என்று என் கைக்கு அன்றே தெரியும் தாயி. அதைக் கணக்காய்ச் சொல்லத்தான் தெரியவில்லை" என்றார். தறியில் அமர்ந்தவருக்குத் தெரிந்ததும் மேசையில் அமர்ந்தவர் படித்ததும் ஒன்றையொன்று சந்திக்க இத்தனை ஆண்டுகள் ஆயின. இரண்டு எழுத்தர்களும் படித்த புத்தகம் ஒன்றே, எழுதிய தேர்வும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண்ணில் மூத்தவரே உயர்ந்தவர்.

கடன் சங்கத்திலிருந்து இதைவிட ஆபத்தான ஓர் உதாரணம் சொல்லலாம். தவணை தவறிய வட்டியைப் பங்கிடத்தக்க இலாபமாகக் கொள்ளலாகாது, அதற்கு ஒதுக்கம் செய்ய வேண்டும் என்பது கணக்குப் பாடத்தில் வரும் விதி. தேர்வில் இதற்கு விடை எழுதுவது எளிது. ஆனால் ஏன் அவ்வாறு ஒதுக்க வேண்டும் என்று கேட்டால் தேறியவர்களிலும் பலர் விழிப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒரு சங்கம் 20 இலட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் கடனாகக் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 2,00,000 ரூபாய். இதில் கைக்கு வந்தது 1,20,000 ரூபாய், கெடு கடந்தும் வராமல் நிற்பது 80,000 ரூபாய். டெபாசிட்தாரர்களுக்குக் கொடுத்த வட்டியும் சம்பளமும் பிற செலவும் சேர்த்து 1,50,000 ரூபாய். வட்டி முழுவதையும் வருமானம் என்று எழுதினால் 50,000 ரூபாய் இலாபம். வராத வட்டிக்கு ஒதுக்கம் செய்தால் 30,000 ரூபாய் நட்டம். ஒரே சங்கம், ஒரே ஆண்டு, ஒரே ரொக்கப் பெட்டி! முதல் கணக்கை நம்பிப் பங்காதாயம் வழங்கினால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வட்டியாக வந்த பணம் செலவுக்கே போதவில்லை. ஆகவே டெபாசிட் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பொதுச்சபையில் பங்காதாயம் பெற்று மகிழ்ந்து வீடு திரும்பும் அங்கத்தினர், தம்முடைய சேமிப்பிலிருந்தோ பக்கத்து வீட்டு விதவை போட்டு வைத்த டெபாசிட்டிலிருந்தோ ஒரு பகுதியைத்தான் எடுத்துச் செல்கிறார். இவ்வாறு சில ஆண்டுகள் நடந்தால், டெபாசிட்டைத் திருப்பிக் கேட்கும் நாளில் பெட்டியில் பணம் இராது. சங்கம் முறிந்த செய்தியைக் கேட்டு, யாரோ கையாடிவிட்டார்கள் என்று ஊரார் பேசுவார்கள். கையாடல் இல்லாமலே, சிலருடைய மெத்தனத்தினால் மட்டும், ஒரு சங்கத்தைக் காலி செய்துவிட முடியும்.

இவ்விதியைப் பாடமாக மட்டும் படித்தவர் தணிக்கையாளர் சுட்டிக் காட்டும்வரை காத்திருப்பார். காரணத்தோடு படித்தவர் மார்ச்சு மாதத்திற்கு முன்பே கடன் பேரேட்டைப் பெயர் பெயராகப் பார்த்து, இன்னும் கெடு வராத வட்டி எது, கெடு தாண்டிய வட்டி எது என்று பிரித்து வைப்பார். வசூலுக்கு யாரிடம் முதலில் செல்ல வேண்டும் என்பதும் அப்போதே அவருக்குப் புலப்படும். புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த விதி அவர் கையில் வசூல் பட்டியலாகிறது.

இனி எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ஒப்புதல் அளித்தது. இது வரவேற்கத் தக்கதே. கூட்டல் பிழைக்காக இரவெல்லாம் விழித்திருந்த காலம் அதனால் ஒழியும். எனினும், கணினியில் பதினாறு சேலை என்று ஒருமுறை ஏற்றிவிட்டால், ஆயிரம் நெசவாளரிடமும் அது அயராமல் பிடித்தம் செய்யும். பதினாறு ஏன் என்று ஒரு நாளும் கேளாது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு கணக்கு. நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பதை அறிவீர்கள். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லைக் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் எவ்வளவு நிற்கும்? மூன்று கழித்து 97 என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது தவறு. 100 கிலோவில் ஈரம் நீங்கிய பொருள் 80 கிலோ. காய்ந்தபின் அந்த 80 கிலோ மொத்த எடையில் நூற்றுக்கு 83 பங்காக இருக்க வேண்டும். ஆகவே மொத்த எடை 96.4 கிலோ. சங்கக் கிடங்கில் ஈர நெல்லை எடுத்துக் காயவைத்த ஊழியர்மேல் 100 கிலோவிற்கு 600 கிராம் குறைகிறது என்று சந்தேகப்படுவதற்கு முன், இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சதவீதம் ஐந்தாம் வகுப்புப் பாடம்தானே என்று யாரும் எளிதாக எண்ணிவிட வேண்டாம்.

அரசுத் துறைத் தேர்வுகள் சிலவற்றில் புத்தகத்தைப் பார்த்தே விடையெழுத இடமளிக்கும் வழக்கம் உண்டு. அதை முதன்முதல் கேள்விப்படுகிறவர்கள் நகைப்பார்கள். நம் கருத்தில் அது தேர்வு முறைகளிலேயே அறிவுடைய முறை. அலுவலகத்தில் எந்த அதிகாரியும் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு உத்தரவு எழுதுவதில்லை. எதை எங்கே தேடுவது, கண்டதை முன்னே இருக்கும் வழக்குக்கு எப்படிப் பொருத்துவது என்பதே அங்கே வேண்டிய திறமை. ஆயினும் அத்தேர்விலும் முந்தைய ஆண்டு வினாக்களை மட்டும் பார்த்துப் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு போகும் சாமர்த்தியசாலிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். எந்த முறையை வகுத்தாலும் அதற்கொரு குறுக்கு வழி கண்டுபிடிப்பதில் நம்மவர் சளைத்தவர்கள் அல்லர்!

இக்கூட்டுறவு இயக்கம் நம் நாட்டில் தோன்றியதே ஒருவர் தேர்வுக்குப் பின் செய்த படிப்பினால்தான் என்பது பலருக்கு நினைவில்லை. பிரடரிக் நிக்கல்சன் இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி. அப்பதவிக்குரிய தேர்ச்சியை இளமையிலேயே முடித்தவர். அதற்குமேல் அவர் எந்தத் தேர்வும் எழுத வேண்டியிருக்கவில்லை. 1892-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் விவசாயிகளுக்குக் கடன் வழங்கும் வங்கிகளைப் பற்றி ஆராயுமாறு அவரைப் பணித்தது. ஐரோப்பிய நாடுகளில், குறிப்பாக ஜெர்மனியில், கிராமத்து உழவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுச் சங்கம் அமைத்துக் கடன் பெறும் முறையை அவர் நுணுகி ஆராய்ந்தார். அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. அங்குள்ளதை அப்படியே பெயர்த்து எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. நம் கிராமங்களின் கடன் சுமையையும், நம்மிடையே முன்பே இருந்த நிதி நிறுவனங்களையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழி வகுத்தவற்றுள் அவ்வறிக்கை முதன்மையானது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அதே மனிதர் பிற்காலத்தில் மீன்பிடி தொழிலைப் படிக்கப் புகுந்து, சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடிகோலினார். படிப்பை நிறுத்தத் தெரியாதவர் போலும்.

அங்கத்தினர்கள் தாமே படித்த வரலாறும் உண்டு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை திறந்த 28 முன்னோடிகளுள் பலர் நெசவாளிகள். சில ஆண்டுகளுக்குள் கடையின் மாடியில் வாசகசாலை அமைந்தது. பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினார்கள். அவ்வாசகசாலையில் படித்ததற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1928-இல் ஒரு பல்கலைக்கழகம் விரிவாக்கத் துறை ஒன்றை அமைத்து, அதனை மோசஸ் கோடி என்னும் பாதிரியாரிடம் ஒப்படைத்தது. மீனவரும் உழவரும் சிறு சிறு குழுக்களாக வீட்டுச் சமையலறைகளில் கூடிப் படித்தார்கள். தாம் பிடிக்கும் மீனின் விலை யார் யார் கையில் எவ்வாறு பிரிகிறது என்பது போன்றவையே அவர்கள் பாடம். அக்குழுக்களிலிருந்து கடன் சங்கங்களும் மீன் பதனிடும் கூட்டுறவு ஆலைகளும் எழுந்தன.

நம் சங்கங்களில் இதைச் செய்யத் தடை ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மாதத்தில் ஒரு மாலைப் பொழுது, சங்கக் கட்டிடத்துத் திண்ணை, ஒரு கரும்பலகை, இவை போதும். தேர்வுக்குப் படிக்கும் ஊழியர் அன்று தாம் படித்த பாடத்தை அங்கத்தினர்களிடம் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கும்போதுதான் தமக்கு எது விளங்கவில்லை என்பது அவருக்கே தெரியவரும். "பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்பது இருக்கட்டும். என் கூலியில் பிடித்த ரூபாய் எந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது?" என்று ஒரு நெசவாளர் கேட்டால், அதற்கு ஈடான வினாவை எந்தத் தேர்வாளரும் கேட்டுவிட முடியாது. பயிற்சி நிலைய ஆசிரியர்களையும், சேலத்தில் 1960-இல் தோன்றிய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் பயின்றவர்களையும் அருகில் இருந்தால் அழைத்துக்கொள்ளலாம். அவர்கள் வராவிட்டாலும் குழு நிற்க வேண்டியதில்லை.

ஒரு யோசனை மட்டும் கூறுவோம். முதல் கூட்டத்திலேயே ஐந்தொகையை எடுத்து வைக்க வேண்டாம். அதைக் கண்டால் பலர் அடுத்த மாதம் வரமாட்டார்கள். ஐந்தொகையும் தணிக்கை அறிக்கையும் நான்காவது, ஐந்தாவது கூட்டத்திற்கு இருக்கட்டும். முதல் நாளுக்கு ஒரு கட்டு நூலும், ஒரு கூலிச் சீட்டும், சுவரில் உள்ள அளவுப் பட்டியலும் போதும். உழவர் சங்கமானால் ஒரு படி நெல்லும் ஈரமானியும் தராசும். கணக்கை ஊழியர் கரும்பலகையில் எழுதட்டும். ஒவ்வொரு வரியையும் அங்கத்தினர் தம் தறியோடும் களத்தோடும் ஒப்பிட்டுச் சரி, தவறு என்று சொல்லட்டும். பட்டியல் கடைசியாக எந்த ஆண்டில் திருத்தப்பட்டது என்பதையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தின் பொருள் நிரலில் அதைச் சேர்க்குமாறு காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கலாம்.